வியாபார டென்ஷனும் அட்ரினல் சுரப்பியும்



வரி, உரிமம், விலை நிலவரம், சங்கச் செய்திகள் ஆகியவையே நம் இதழில் பெரும்பாலும் இடம் பெறுகின்றன. இம்முறை கடையை நடத்துகிற உடம்பைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்து வருபவன். ஆனாலும் இதை எழுதக் காரணம் இருக்கிறது.

சரக்கு எடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அண்ணாச்சி, டென்ஷனாலே அட்ரினல் சுரப்பி களைச்சுப் போகுதாம். அதுக்கு ஒரு பவுடர் வருதே, சாப்பிடலாமா? கடையிலே வாங்கி வைச்சா ஓடுமா?" ஓடுமா ஓடாதா என்பது இருக்கட்டும். அந்தச் சுரப்பி எது, அது களைத்துப் போகுமா, அதற்கு உண்மையான கேடு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது முதல் வேலை. படித்தும், எனக்குப் பழக்கமான மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை நம் வியாபாரப் பேச்சிலேயே சொல்கிறேன்.

சுரப்பி இருக்கும் இடம்

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் குல்லாய் வைத்தாற்போல் ஆளுக்கொன்றாக அட்ரினல் சுரப்பிகள் அமர்ந்திருக்கின்றன. வலப்பக்கத்துச் சுரப்பி முக்கோண வடிவம், இடப்பக்கத்தது பிறை வடிவம். ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம் எடைதான். ஒரு பொட்டலம் ஏலக்காயைவிடக் குறைவு. ஆனால் இவை இரண்டும் வேலை செய்யாமல் நின்றுவிட்டால், மருந்தின் துணையின்றி மனிதன் உயிர் வாழ முடியாது.

சுரப்பியின் உட்பகுதி அட்ரினலின் என்னும் ஹார்மோனைத் தருகிறது. இதை 1901ஆம் ஆண்டில் ஜப்பானிய வேதியியலார் ஜோகிச்சி தக்கமினே தனியே பிரித்துக் காட்டினார். வெளிப்பகுதி கார்ட்டிசால், ஆல்டோஸ்டீரோன் முதலியவற்றைத் தருகிறது. ஆல்டோஸ்டீரோன் உடம்பில் உப்பும் நீரும் எவ்வளவு தங்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறது. கார்ட்டிசால் சர்க்கரை, ரத்த அழுத்தம், நோய் எதிர்ப்பு ஆகியவற்றைக் கவனித்துக்கொள்கிறது.

சுரப்பி தன் இஷ்டத்துக்கு வேலை செய்வதில்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆர்டர் அனுப்புகிறது. ஆர்டருக்குத் தக்கபடி அட்ரினல் சரக்கு அனுப்புகிறது. ரத்தத்தில் சரக்கு போதுமான அளவு இருந்தால் மூளை ஆர்டரைக் குறைத்துக்கொள்ளும். குறைந்தால் கூட்டும். தலைமைக் கடைக்கும் மில்லுக்கும் உள்ள ஏற்பாடு போன்றது இது. பின்னால் சொல்லப்போகும் செய்தி புரிய வேண்டுமானால் இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டென்ஷன் வந்தால் உள்ளே நடப்பது

வங்கியிலிருந்து செக் திரும்பி வந்த செய்தி போனில் வருகிறது என்று வையுங்கள். அடுத்த நொடியே நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. அது அட்ரினலின் செய்யும் வேலை. ஆபத்தில் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடம்பு இப்படித் தயாராகிறது என்று அமெரிக்க மருத்துவ அறிஞர் வால்டர் கேனன் 1915இல் விளக்கினார். சில நிமிடங்களில் கார்ட்டிசாலும் கூடுகிறது. ஈரலில் இருக்கும் சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடுகிறது, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, அப்போதைக்கு அவசரமில்லாத வேலைகளைத் தள்ளி வைக்கிறது.

இது கெடுதல் அன்று. மூட்டை சரிந்து விழும்போது நாம் துள்ளி விலகுவதும், தீபாவளிக்கு முந்தைய நாள் கூட்டத்தைச் சமாளிப்பதும் இந்தச் சுரப்பியின் புண்ணியத்தால்தான். ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். நம் தொழிலில் வரும் சங்கடம் இதுதான்: திரும்ப விடுவதில்லை. காலையில் கொள்முதல் விலை ஏறிய கவலை, பகலில் வாடிக்கையாளரோடு வாக்குவாதம், மாலையில் தவணைக்காரர், இரவில் கணக்கு முடியாத மனக்குறை. மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் வந்தால் ஜி.எஸ்.டி. கணக்கு வேறு. 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு, 2017 ஜூலையில் புதிய வரி, 2020 மார்ச்சில் ஊரடங்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலத்தில் நம்மில் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்கினோம்?

கார்ட்டிசாலுக்கு ஒரு நாள் ஒழுங்கு உண்டு. விடியற்காலையில் ஏறத் தொடங்கி, கண் விழித்து அரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். பகலில் படிப்படியாக இறங்கி நள்ளிரவு வாக்கில் மிகக் குறைவாகிவிடும். இரவு பதினொன்றரைக்குக் கடை சாத்தி, பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு, நான்கு மணிக்கு மார்க்கெட்டுக்கு எழுந்து ஓடுகிறவருக்கு இந்த ஒழுங்கு குலைகிறது. வருடக்கணக்கில் இப்படி நடந்தால் ரத்த அழுத்தம் கூடலாம், சர்க்கரை ஏறலாம், வயிற்றில் கொழுப்பு சேரலாம், தூக்கம் கெடலாம், சிறு விஷயத்துக்கும் எரிச்சல் வரலாம். டென்ஷன் மட்டுமே இவற்றுக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. பரம்பரை, உணவு, புகையிலை, உட்கார்ந்தே இருக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் நோயாகிறது. ஆனால் டென்ஷன் அந்தக் கூட்டில் ஒரு பங்காளி என்பதை மறுப்பதற்கில்லை.

சுரப்பி களைத்துப் போகுமா?

இப்போது பவுடர் விஷயத்துக்கு வருவோம். கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செலியே என்பவர் 1936இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓட வைத்தாலும் அவற்றின் உடம்பில் ஒரே மாதிரியான மாறுதல்கள் வந்தன. அவற்றில் ஒன்று அட்ரினல் சுரப்பிகள் பெருத்துப் போனது. கவனியுங்கள், சுரப்பிகள் பெருத்தன. தொல்லை நீண்டுகொண்டே போனால் உடம்பு முழுவதும் கடைசியில் தளர்ந்துவிடும் என்றும் அவர் சொன்னார். உடம்பின் தளர்ச்சி என்று அவர் சொன்னதைச் சுரப்பியின் தளர்ச்சி என்று பின்னால் வந்த சிலர் எடுத்துக்கொண்டார்கள்.

'அட்ரினல் களைப்பு' என்ற பெயரை 1998இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் வில்சன் என்பவர் பரப்பினார். காலையில் எழ முடியவில்லை, உப்பும் இனிப்பும் தின்ன ஆசை, மதியத்தில் அசதி என்று ஒரு பட்டியல் போட்டு, இவை இருந்தால் சுரப்பி களைத்துவிட்டது என்றார். இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் நம் சங்க உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் நோயாளிகளாகிவிடுவோம்! பிரேசில் நாட்டு மருத்துவர்கள் இருவர் இது பற்றி நடந்த 58 ஆய்வுகளை ஒன்றுகூட்டிப் பார்த்து, இப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரமில்லை என்று 2016இல் எழுதினார்கள். ஹார்மோன் மருத்துவ நிபுணர்களின் சங்கங்களும் இதை ஒரு நோயாக ஏற்கவில்லை.

அப்படியானால் அசதி பொய்யா? இல்லை, அசதி நிஜம். காரணம்தான் வேறு. ரத்தசோகை, தைராய்டு குறைவு, கண்டுபிடிக்காமல் விட்ட சர்க்கரை நோய், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுதல், மனச்சோர்வு, சத்துக் குறைவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக வெறும் தூக்கக் குறைவாகவே இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சாதாரணப் பரிசோதனைகளால் கண்டுபிடித்துவிடலாம். பவுடர் டப்பாவுக்குச் செலவழித்து ஆறு மாதத்தைக் கடத்தினால், உள்ளே இருக்கும் நோய்க்கு ஆறு மாதம் வட்டி ஏறுகிறது என்பதுதான் கணக்கு.

சுரப்பி உண்மையாகவே கெடுவது

சுரப்பி நிஜமாகவே கெடும் நோயும் உண்டு. லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் அதை விவரித்து எழுதியதால் அது அடிசன் நோய் எனப்படுகிறது. அரிதான நோய்தான். ஆனால் நம் நாட்டில் காசநோய்க் கிருமி இந்தச் சுரப்பியைத் தாக்குவதும் ஒரு காரணம் என்பதால், நாம் கேள்விப்பட்டிருக்க வேண்டியது.

காரணமில்லாமல் எடை குறைவது, பசியின்மை, அடிக்கடி குமட்டல் வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பின் மேல் அடங்காத ஆசை, உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கறுத்துப் போவது ஆகியவை இதன் அறிகுறிகள். சந்தேகம் வந்தால் காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் அளவைப் பார்ப்பார்கள். நோய் உறுதியானால் உடம்புக்குக் குறைவாக உள்ள ஹார்மோனை மாத்திரையாகத் தினமும் கொடுத்துவிடலாம். 1961இல் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவி ஏற்ற ஜான் கென்னடிக்கு இந்த நோய் இருந்தது. மருந்தோடுதான் அவர் பதவி வகித்தார்.

நமக்கு மிக அருகில் இருக்கும் ஆபத்து

இந்தக் கட்டுரையின் முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. நம் வணிகர்களின் அட்ரினல் சுரப்பிக்கு டென்ஷனைவிடப் பெரிய எதிரி, சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை.

காலை முதல் இரவு வரை நின்றே வியாபாரம் செய்வதால் முழங்கால் வலி, மூட்டை தூக்குவதால் இடுப்பு வலி, மிளகாய் வற்றல் நெடியாலும் மாவுத் தூசியாலும் இழுப்பு. இவை நம் தொழிலோடு பிறந்த தொல்லைகள். டாக்டரைப் பார்க்கக் கடையை விட்டுப் போக முடியாது. பையனை அனுப்பி, "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை நாலு வாங்கிட்டு வா" என்கிறோம். விழுங்கிய மறுநாளே வலி பறந்துவிடுகிறது, பசி எடுக்கிறது, முகம் பூரிக்கிறது. அந்த மாத்திரை பெரும்பாலும் பிரட்னிசலோன், டெக்ஸாமெத்தாசோன், பீட்டாமெத்தாசோன் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். மூட்டுவலிக்கென்று பெயரில்லாத டப்பாவில் வரும் பொடிகளிலும் உருண்டைகளிலும் இதே மருந்தைக் கலந்திருப்பது பரிசோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

மருந்தின் மேல் குற்றமில்லை. 1948இல் மூட்டுவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த நோயாளிக்கு அமெரிக்காவில் கார்ட்டிசோன் கொடுத்தபோது சில நாட்களில் எழுந்து நடந்தார். அந்தப் பணிக்காகக் கெண்டால், ஹென்ச், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் உயிர் காக்கும் மருந்து அது. குற்றம் டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் சாப்பிடுவதில்தான்.

முன்பு சொன்ன மில் ஏற்பாட்டை இப்போது நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து தினமும் சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருந்தால், தலைமைக் கடை மில்லுக்கு ஆர்டர் அனுப்புமா? அனுப்பாது. ஆர்டர் இல்லாத மில் படிப்படியாக ஓட்டத்தை நிறுத்தும். எந்திரம் சுருங்கித் துருப்பிடிக்கும். சுமார் மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டாலே இந்த நிலை தொடங்கக்கூடும். பிறகு ஒரு நாள் வெளிச்சரக்கைத் திடீரென்று நிறுத்திவிட்டால், மில் மறுநாளே ஓடாது. பழையபடி ஓட மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, ஆபரேஷனோ வந்தால் உடம்பு கேட்கும் கார்ட்டிசாலைக் கொடுக்க ஆளில்லை. ரத்த அழுத்தம் இறங்கி, மயங்கி, உயிருக்கே ஆபத்தாகும்.

என்னிடம் சரக்கு எடுக்கும் கிராமத்துக் கடைக்காரர் ஒருவருக்கு இது நடந்தது. முழங்கால் வலிக்கு இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிட்டு வந்தார். முகம் பூசணிக்காய்போல் உருண்டிருந்தது. "நல்லா இருக்கீங்களே" என்று எல்லோரும் சொல்வார்கள். யாரோ ஒருவர், "இது ஸ்டீராய்டு, கெடுதல்" என்று பயமுறுத்த, அன்றே எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டார். பத்து நாளில் ஒரு சாதாரணக் காய்ச்சல். கல்லாவில் உட்கார்ந்தபடியே சரிந்தவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோது, வீட்டாருக்குப் பெயர் தெரியவில்லை. குப்பையில் கிடந்த காலி அட்டையைக் கடைப் பையன் தேடி எடுத்து வந்த பிறகுதான் விஷயம் புரிந்து, உரிய ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். இன்று டாக்டர் சொன்னபடி மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்.

அவர் மாத்திரையை நிறுத்த நினைத்தது தவறில்லை. ஒரே நாளில் தாமாக நிறுத்தியதுதான் ஆபத்தாயிற்று. ஆகவே இவற்றை மனத்தில் வையுங்கள்:

1. சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரையின் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பெயரைப் படித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

2. பல வாரங்களாக ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்தவர் தாமாக நிறுத்தக் கூடாது. டாக்டர் அளவைக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

3. பெயரில்லாத பொடி பல மாதம் சாப்பிட்டவரும் அதையும் எடுத்துக்கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

4. ஸ்டீராய்டு சாப்பிடுகிறோம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். காய்ச்சல், விபத்து, ஆபரேஷன் என்றால் முதலில் அதைக் காட்டுங்கள். வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.

5. ஆஸ்துமாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரை இதைப் படித்துவிட்டுப் பயந்து நிறுத்தாதீர்கள். அதில் மருந்தின் அளவு மிகக் குறைவு. சந்தேகம் இருந்தால் டாக்டரையே கேளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இரட்டைக் கவனம் வேண்டும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சை நோய் நம் நாட்டில் பலரைத் தாக்கியபோது, கட்டுப்படாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள் என்று மருத்துவர்கள் எடுத்துச் சொன்னதை நாம் மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரைகளை மருந்துக் கடையிலேயே விற்கக் கூடாது. மளிகைக் கடையில் வைத்து விற்க நமக்கு உரிமையே கிடையாது. ஊர்க்காரர் கேட்கிறாரே என்று ஜாடிக்குப் பின்னால் வைத்திருப்பவர் யாராவது இருந்தால், தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். அந்தச் சில ரூபாய் லாபம் நமக்கு வேண்டாம்.

நம் அலமாரியில் உள்ள இரண்டு சரக்குகள்

அதிமதுரமும் அமுக்கராக் கிழங்கும் நாம் நெடுங்காலமாக விற்று வரும் சரக்குகள். இப்போது 'அட்ரினலுக்கு நல்லது' என்ற பெயரில் இவற்றுக்குப் புது மவுசு வந்திருக்கிறது. விற்பவர்களாகிய நமக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

தொண்டைக் கமறலுக்கு ஒரு துண்டு அதிமதுரம் சுவைப்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் பல வாரம் தினமும் கணிசமாகச் சாப்பிட்டால், அதில் உள்ள சத்து கார்ட்டிசாலை ஆல்டோஸ்டீரோனின் வேலையைச் செய்ய வைத்துவிடுகிறது. உடம்பில் உப்பும் நீரும் தங்கி, பொட்டாசியம் குறைந்து, ரத்த அழுத்தம் ஏறுகிறது. வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரம் கொடுத்தபோது உடம்பில் நீர் கோத்து வீக்கம் வந்ததை 1940களிலேயே ஹாலந்து நாட்டு மருத்துவர் கவனித்திருக்கிறார். ஆகவே ரத்த அழுத்தம் உள்ளவர், இதய நோயாளி, சிறுநீரக நோயாளி ஆகியோர் கேட்டால், "டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லி விற்பதே முறை.

அமுக்கரா சாப்பிட்டால் டென்ஷனும் கார்ட்டிசாலும் ஓரளவு குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அதனால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் பல நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன. டென்மார்க் நாடு 2023இல் இதைத் தடை செய்தது. கர்ப்பிணிகளும், ஈரல் நோய் உள்ளவர்களும், தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் தாமாகத் தொடக் கூடாது. சித்த மருத்துவர் பார்த்து அளவோடு கொடுப்பது வேறு, விளம்பரத்தைப் பார்த்து அள்ளி விழுங்குவது வேறு.

வணிகர் செய்யக்கூடியவை

பவுடர் வேண்டாம் என்றால் வேறு என்னதான் செய்வது? சுரப்பிக்கு மருந்து தேடுவதை விட்டு, சுரப்பியை ஓயாமல் தட்டி எழுப்பும் காரணங்களைக் குறைப்பதுதான் வழி.

கடன்: நம் டென்ஷனில் பாதி வெளியே நிற்கும் பாக்கியால் வருகிறது. ஒவ்வொரு வாடிக்கைக்கும் ஓர் உச்சவரம்பு வைத்துப் பேரேட்டில் அவர் பெயருக்கு மேலே எழுதி வையுங்கள். வரம்பு தாண்டினால் பழைய பாக்கியில் ஒரு பங்கு வந்த பிறகே புதுச் சரக்கு. வசூலுக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் அந்த நினைப்பைத் தள்ளி வைக்கலாம். என் மண்டியில் பல வருடங்களாக இதுதான் வழக்கம். இதனால் போன வாடிக்கை மிகக் குறைவு.

இரவுக் கணக்கு: கல்லாவை எண்ணி முடித்ததும், மறுநாள் செய்ய வேண்டியவற்றை ஒரு சிட்டையில் எழுதிக் கல்லாவிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். எழுதி வைத்த வேலை படுக்கைக்குப் பின்தொடர்ந்து வருவது குறையும். வரிக் கணக்கைக் கடைசி நாள் இரவு வரை தள்ளாமல், வாரா வாரம் பில்களை ஆடிட்டரிடம் சேர்த்துவிடுங்கள்.

தூக்கம்: ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். 2019 ஜூனில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறக்கத் தமிழக அரசு அனுமதித்தது. ஆட்களை முறை மாற்றிக்கொள்ள முடிந்த பெரிய கடைகளுக்கு அது பொருந்தும். கணவன், மனைவி இருவர் மட்டும் நடத்தும் கடை அவர்களோடு போட்டி போட்டு நள்ளிரவு வரை விளக்கெரிக்க வேண்டியதில்லை. ஒரே தெருவில் உள்ள நான்கு கடைக்காரர்கள் பேசி ஒரே நேரத்தில் சாத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. இதைச் சங்கக் கிளைகள் முன்னின்று செய்யலாம்.

சாப்பாடு: காலை உணவை விட்டுவிட்டு ஆறு டீயில் பகலை ஓட்டுவது நம்மிடையே சகஜம். டீ, காபியில் உள்ள காபீன் அட்ரினலினைக் கூட்டுகிறது. மதியத்துக்குமேல் அதைக் குறைத்தால் இரவுத் தூக்கம் தானே வரும். நிலக்கடலை, பொட்டுக்கடலை, வாழைப்பழம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பானேன்?

நடை: நாளைக்கு அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் வேகமாக நடந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடக் கணக்கு அதில் முடிந்துவிடும். கடைக்குள்ளே நடப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வார விடுமுறை: 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் வார விடுமுறை இருக்கிறது. ஆளுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு முதலாளி மட்டும் ஷட்டரைப் பாதி திறந்து உட்கார்ந்திருப்பது விடுமுறை ஆகாது. அதுபோலவே, ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் அதே சட்டத்தில் திருத்தம் வந்தது. ஊழியருக்கு ஒரு ஸ்டூல் போடும்போது நமக்கும் ஒன்று போட்டுக்கொள்வோம். முழங்கால் வலி குறைந்தால் வெள்ளை மாத்திரையின் தேவையும் குறையும்.

பரிசோதனை: நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் பலமுறை பார்த்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். சங்கக் கட்டடத்தில் முகாம் நடத்தினால் கடையை விட்டு வர முடியாதவர்களும் வருவார்கள்.

பேசித் தீருங்கள்

கடைசியாக, சொல்லத் தயங்கினாலும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. கந்து வட்டியும் மீட்டர் வட்டியும் வாங்கி, அதைக் கட்ட மறுபடி வட்டிக்கு வாங்கி, வெளியே சொல்ல வெட்கப்பட்டு, தவறான முடிவுக்குப் போன வியாபாரிகளை நாம் அறிவோம். அவர்களில் பலருக்குக் கடன் தொகையைவிட அதை யாரிடமும் சொல்லாமல் தனியே சுமந்ததுதான் பெரிய பாரமாக இருந்தது.

அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. சங்க நிர்வாகிகள் நான்கு பேர் கூடப் போய்ப் பேசினால் கடன்காரரின் குரலே மாறிவிடும். சரக்குக் கொடுத்தவர்களாகிய எங்களைப் போன்றோரிடமும் மனம் விட்டுச் சொல்லுங்கள். தலைமறைவாகிறவரிடமிருந்து ஒரு காசும் வராது, தவணை கேட்டு நேரில் வருகிறவரிடமிருந்து முழுப் பணமும் வரும் என்பது மொத்த வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். மனம் மிகவும் உடைந்து போயிருந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். கட்டணம் கிடையாது.

இந்த இதழைக் கடையில் வைத்திருப்பவர்கள், ஸ்டீராய்டு பற்றிய ஐந்து குறிப்புகளையும் வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நமக்கு மட்டுமின்றி, சாமான் வாங்க வரும் பெரியவர்களில் யாராவது ஒருவருக்கும் அது உதவும்.